ஆகாயத்தில் பிடித்த இடம்

மறைந்த கட்டடக்காரரின் துணைவியாராக வந்து இந்த விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் அம்மா அவர்களே! கல்லூரி முதல்வர் அவர்களே! முன்வரிசையில் மூக்குக்கண்ணாடியோடு வீற்றிருக்கும் பெரியோர்களே! மடியில் பிள்ளையும் காதில் என் பேச்சுமாக அமர்ந்திருக்கும் தாய்மார்களே! பின்னால் நின்று விசிலடிக்கும் பேரன் பேத்திகளே! அனைவருக்கும் வணக்கம்.

அந்தப் புண்ணியவான் பெயரால் அமைந்த முதல் உதவித்தொகை என் பேத்திக்குக் கிடைத்திருக்கிறது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட எனக்கு மைக் கிடைத்திருக்கிறது. விடுவேனா? கடிகாரத்தைப் பார்க்காதீர்கள் முதல்வர் ஐயா, சுருக்கமாகத்தான் பேசுவேன்.

கட்டினார், கட்டினார், கட்டிக்கொண்டே இருந்தார்! காசுக்குக் கட்டியது கொஞ்சம். கருணைக்குக் கட்டியது அதிகம். அப்படிக் கருணையால் எழுந்ததுதான் இந்தக் கல்லூரியின் பெண்கள் விடுதி. அங்கே வேலையாட்களுக்குச் சமைத்துப் போட்டவள் நான். சுவர் எழுந்தது, தளம் அமைந்தது, வண்ணம் மின்னியது. ஆனால் மொட்டைமாடியில் மட்டும் கம்பிகள், தலை வாராத பிள்ளையின் முடிபோலக் குத்திட்டு நின்றன. ஏன்? மறந்துவிட்டாரா? மனசு கேட்கவில்லை. சாப்பிட வந்தவரை மடக்கினேன்.

"ஏன் தம்பி, எல்லாத்தையும் அழகா முடிச்சிட்டு உச்சியில இப்படி விட்டுட்டீங்களே? கம்பி வெட்ட ஆள் கிடைக்கலையா?"

சிரித்தார். "அக்கா, நீங்க பஸ்ல துண்டு போட்டு இடம் பிடிச்சதே இல்லையா?"

"பிடிச்சிருக்கேன். அதுக்கென்ன?"

"நான் ஆகாயத்துல கம்பி போட்டுப் பிடிச்சிருக்கேன். இன்னும் வரவேண்டிய பொண்ணுங்க இருக்காங்கல்ல? மேல ஒரு மாடி, அவங்களுக்கு. இன்னும் கொஞ்சம் சோறு போடுங்க."

அந்த மாடி எழுவதற்குள் அவர் போய்விட்டார்.

அவையோரே! உதவித்தொகை வந்தது, உள்ளம் குளிர்ந்தது. விடுதிக்கு ஓடினோம். "இடமில்லைம்மா, அடுத்த வருஷம் பாருங்க" என்றார் வார்டன். எங்கள் வீட்டிலிருந்து வந்து போனால் பாதி நாள் பஸ்ஸிலேயே போய்விடும். படிக்க வழி பிறந்தது, படுக்க இடமில்லை! பெட்டி வாசலில் நிற்கிறது. பேத்தி மேடையில் நிற்கிறாள். கையை இழுக்காதேடி, முடித்துவிடுகிறேன்.

வெளியே வந்து அண்ணாந்து பார்த்தேன். அதே கம்பிகள்! துருவேறி, தூசியேறி, இன்னும் நிற்கின்றன. இடம் பிடித்தவர் இனி வரமாட்டார். பிடித்த இடம் யாருக்கு? இவளுக்கா? இவளைப் போலவே திரும்பிப் போன பிள்ளைகளுக்கா? காக்கைகளுக்கா? கோபத்தில் கேட்கவில்லை தாயே, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

என்ன, தலைவி அம்மா எழுந்துவிட்டீர்கள்? பேச்சை நிறுத்தட்டுமா? இல்லையா? சத்தமாகச் சொல்லுங்கள், கடைசி வரிசைக்கும் கேட்கட்டும். "மாடி கட்டி முடியிற வரைக்கும் அந்தப் பிள்ளைங்க என் வீட்ல தங்கட்டும். வீடு பெருசு, ஆள்தான் இல்ல" என்கிறார்! தட்டுங்கள் கையை! பொறுங்கள், பொறுங்கள், முதல்வரிடம் வேறு ஏதோ கேட்கிறார்.

"மொட்டைமாடி சாவி யார்கிட்ட இருக்கு?"

கேட்டீர்களா? இனி எனக்கு என்ன பேச்சு? காது கொடுத்த உங்களுக்கும் மைக் கொடுத்த மகராசனுக்கும் நன்றி, வணக்கம். அம்மா, கொஞ்சம் நில்லுங்கள், நானும் வருகிறேன். எத்தனை பிள்ளைகளுக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறார் என்று நானும் பார்க்க வேண்டும்.