மூன்று பசுக்கள் யாருடையவை?

அவையின் தலைமை ஏற்றிருக்கும் வழக்கறிஞர் அய்சிரெக் மகளே, வெள்ளைத் தொப்பி சூடிய பெரியவர்களே, பனியில் வண்டியேறி நாரின் நகரத்துக்கு வந்த தாய்மார்களே, சட்ட வரைவோடு அமர்ந்திருக்கும் அதிகாரிகளே, வணக்கம். நான்கு குளிர்காலங்களுக்கு முன் எங்கள் கிராம அலுவலகத்தில் இருந்தவர்களையும் பெயர் சொல்லியே வணங்குகிறேன்: கணினி முன்னே எழுத்தர் தாலாய், அடுப்பருகே குளிர்காய்ந்துகொண்டிருந்த மேய்ப்பர் இசாபெக், மனுவோடு நின்ற ஜூராகான், சுவரோர பெஞ்சில் நான், புருல்சா.

ஜூராகான் கணவனை இழந்தவள். மூன்று பிள்ளைகள். அரசு தந்த பிள்ளை உதவியில்தான் அவள் அடுப்பு எரிந்தது. அந்த மாதம் அது நின்றுபோனது. நிறுத்தியவர் அமைச்சரா? ஆளுநரா? இல்லை ஐயா, செயற்கை நுண்ணறிவாம்! கண்ணில்லாமல் காணுமாம், காலில்லாமல் ஊர் சுற்றுமாம், காது மட்டும் கிடையாதாம்.

"உன் பேர்ல மூணு பசு இருக்கு. நீ ஏழை இல்லன்னு மிஷின் சொல்லுது" என்றான் தாலாய்.

"மூணும் சானுக்கு வந்த மாடு தம்பி. பாலுதான் எனக்கு. நீ குடிச்சு வளர்ந்ததும் சான் மாட்டுப் பாலுதானே?"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், தாலாயும் அன்று சிரித்தான். மாடில்லாத வீட்டில் நம் மாட்டை வளர்க்க விடுவோம், அதுதான் சான். பால் வளர்ப்பவருக்கு, கன்று நமக்கு. மாட்டுக் காதில் எண் வில்லை அடிக்க வருகிற அரசு ஆளோ, மாடு நிற்கும் கொட்டில் யாருடையதோ அவர் பெயரை எழுதிப் போய்விடுவான். இயந்திரத்துக்கு இது தெரியாதது குற்றமா? இல்லை. ஏன் என்று அதைக் கேட்க ஒரு வாசல் இல்லையே, அது குற்றம்! திருத்த ஒரு மனிதர் இல்லையே, அது குற்றம்!

தாலாய் கெட்டவனல்ல. "மாட்டுக்காரங்க இங்கேயே சொன்னா, ஒரு தாள் எழுதி மாவட்டத்துக்கு அனுப்புறேன்" என்றான். சிவப்புப் பசு தன்னுடையது என்று இசாபெக் உடனே சொன்னார். மற்ற இரண்டும்?

ஜூராகான் என்னைப் பார்த்தாள். பெயர் சொல்லவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான். இரண்டும் என்னுடையவை என்று சொன்னால் என் பேரப்பிள்ளைகளின் உதவியும் போய்விடுமே என்று பயந்து, காலணி வாரை இழுத்துக் கட்டுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

உதவி திரும்ப வரவில்லை. அடுத்த மாதம் அவள் ருஷ்யாவுக்குப் போனாள், ஆஸ்பத்திரித் தரை துடைக்க. பிள்ளைகள் ஆளுக்கொரு வீடாக மூன்று வீடுகளில். கடைக்குட்டி என் வீட்டில், அதே பசுக்களின் பாலைக் குடித்துக்கொண்டு, "பாட்டி, அம்மா எப்ப வருவா?" என்கிறாள்.

அய்சிரெக்கும் அவள் தோழிகளும் மனித உரிமைக்காக அலுவலகப் படியேறிப் படியேறி இந்தச் சட்ட வரைவில் ஒரு பிரிவு சேர்த்தார்கள்: இயந்திரம் காரணம் சொல்ல வேண்டும், மனிதர் ஒருவர் மறுபடி பார்க்க வேண்டும், பழைய தீர்ப்புகளையும் திறக்க வேண்டும். இரண்டாம் வரைவில் அந்தப் பிரிவைக் காணோம். வேலை தாமதமாகுமாம்! நான்கு குளிர்காலமாக ஒரு தாய் வீடு திரும்பவில்லையே, அது தாமதமில்லையா? அந்தப் பிரிவைத் திரும்ப வையுங்கள். ஜூராகானின் மனுவைத் திறந்து பாருங்கள். இந்த முறை முதலில் எழுந்து சொல்கிறவள் நானாக இருப்பேன்.

முப்பது வருடத்துக்கு முன் விருந்துக்கு அழைக்காத சம்பந்தியை இன்றும் மறக்காதவள் நான். ஆனாலும் தாலாயை மன்னித்துவிட்டேன். பிரிவை நீக்கிய அதிகாரியை, அதைத் திரும்ப வைக்கிற அன்று மன்னிப்பேன். குளிரில் உட்கார்ந்து இவ்வளவு கேட்டீர்களே, உங்கள் காதுகளுக்கு நன்றி. உங்கள் வீடுகளுக்கு என் வணக்கம். மன்னிக்கவே முடியாத ஒரு பெயர் மிச்சமிருக்கிறது. அதைச் சொல்லி இறங்குகிறேன்: அன்று குனிந்துகொண்ட புருல்சா.