சாய்ந்து நின்ற பைக்

எனக்கு எழுபத்தொரு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தவள். கொழும்பு, கொட்டாஞ்சேனையில் இராணுவம் பஸ்ஸை மறித்து, அடையாள அட்டை பார்க்க எங்களை இறக்கினார்கள். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவன் தன் கூட்டாளியிடம் சொன்னான்:

“மச்சான், ஆசைப்பட்டு வாங்கின பைக் என்னைவிடக் கூடக் குடிக்குது. ஒவ்வொரு நாளும் எஞ்சின் ஒயில் ஊத்துறன், அளவுக் கம்பியில குறைவாத்தான் காட்டுது. இப்ப புகையும் தள்ளுது. வித்துப்போடு எண்டு மனிசி நிக்கிறா.”

“எப்பிடி நிப்பாட்டி வைச்சுப் பாக்கிறாய்?”

“எங்கட ஒழுங்கையில நிமித்தி வைக்க இடமேது? சைட் ஸ்டாண்டிலதான்.”

“விசரா! சாய்ஞ்சு நிண்டா ஒயில் கம்பி இல்லாத மற்றப் பக்கம் போகுமெல்லே? அது குடிக்கேல்ல, நீதான் அளவுக்கு மிஞ்சிப் பருக்கியிருக்கிறாய், அதுதான் புகை. கூடினதை இறக்கிப்போட்டு, நிமித்தி வைச்சுப் பார்.”

“அப்ப விக்கத் தேவையில்லையோ!”

ஆமிக்காரன் அட்டையைக் கேட்டபோதும் அவன் சிரித்துக்கொண்டுதான் நின்றான்.

பேத்தி, இதை ஒருக்கா வாசித்துக் காட்டு. அந்தச் சிரிப்பு என் எழுத்தில் வந்திருக்கிறதா என்று பார்ப்போம்.