ஹேர்னிங்கிலை ராகு காலம்

"ஹலோ... ஓம், நான்தான். ஸ்பீக்கரிலை போடு. ... போடு அண்ணா, எல்லாருக்கும் கேக்கட்டும். பந்தயத்திலை அந்த வண்டியை ஓடப்போறது நான்."

கேட்டேவிட்டாள். எதை வேண்டுமென்றாலும் கேள், அண்ணனின் கூட்டாளிகளுக்கு முன்னால் ஸ்டியரிங்கை மட்டும் கேட்காதே என்று அம்மா நூறு தரம் சொல்லிவைத்திருந்தாள். அதை நிலானி இக்காஸ்ட் ஊரில், தன் வீட்டு அடுப்படியில் நின்றபடி ஒரே மூச்சில் கேட்டுவிட்டாள். நேரம் பத்து முப்பத்தைந்து. பக்கத்து நகரமான ஹேர்னிங்கில், அண்ணனின் கூட்டாளி சுஜிந்தனின் கராஜில், அவளும் அண்ணன் கஜதீபனும் பாதிப் பாதியாய் வைத்திருக்கும் பழைய அமெரிக்க பிக்கப் நின்றுகொண்டிருந்தது. பத்தே முக்காலுக்கு அதன் அடிச்சட்டத்தை வெட்டுவதாக ஏற்பாடு.

"சிரிக்கிறது ஆர்? ... சுஜிந்தன் அண்ணையோ? வெல்டிங் முகமூடியைக் கழட்டிப்போட்டுச் சிரியுங்கோ, வேர்க்கப்போகுது. ... ஓம்... ஓம்... ஓமண்ணா, விளங்குது. லேடர் பார். ஏணி மாதிரி ரெண்டு சட்டத்தைப் பின் அச்சிலை ஒட்டினால் வண்டி நேரை பாயும், நான் இல்லையெண்டு சொல்லேல்லை. நானூறு மீற்றர் பாயும். பிறகு? பந்தயம் வருசத்துக்கு நாலு ஞாயிறு. மிச்ச நாளெல்லாம் நீ வேலைக்குப் போறது ரோட்டாலை. இஞ்சை திரும்பின பக்கமெல்லாம் ரவுண்டபவுட். ஒரு சில்லு ஏற, மற்றச் சில்லு இறங்க, அந்த ஏணி விடாது. முறுகும். முறுகி முறுகி ஒருநாள் ஒட்டு விடும். இப்ப இருக்கிற ஸ்பிறிங் தகடே போதும். ... என்ன? ஸ்பிறிங் தகடு லொறிக்குத்தானோ? ஆர் சொன்னது?"

சொன்னவரே கிட்ட வந்துவிட்டார் போலிருந்தது. வயதில் மூத்தவர் என்பதால் நிலானி குரலுக்கு ஒரு சட்டை போட்டுவிட்டாள்.

"சபாரத்தினம் மாமா, வணக்கம். சுகமோ? ... மாமா, பிக்கப் எண்டது லொறியின்ரை தங்கச்சி. நாங்கள் என்ன ஊஞ்சலே வச்சிருக்கிறம்? ... இல்லை மாமா, வாய் காட்டேல்லை. காரணம் காட்டுறன். ... ஓம், அக்சிலேற்றரை அமத்தினவுடனை அச்சு முறுகித் தகடு வளையும், சில்லு துள்ளும். அதுக்குத்தான் தகட்டுக்குக் கீழை பக்கத்துக்கு ஒரு தாங்கு சட்டம். போல்ட் போட்டுப் பூட்டுறது. வெட்டுறதும் இல்லை, ஒட்டுறதும் இல்லை. பிடிக்கேல்லையெண்டால் கழட்டலாம். வெட்டின அடிச்சட்டத்தை என்ன செய்வியள்? பசை போடுவியளோ? ரோட்டிலை ஓடுறதுக்குச் சூன் பத்திரம் எடுக்கப் போனால் பரிசோதிக்கிறவன் அதைப் பாத்திட்டு ரோட்டிலை விடமாட்டான். கிடைக்கப்போறது சூன் இல்லை மாமா, சூனியம்."

...

"சின்னப்பிள்ளையோ? ஆர், நானோ? கொம்யூன் கந்தோரிலையிருந்து கடிதம் வந்தால், வாசிச்சுச் சொல்ல நான் இஞ்சினியர். வண்டியெண்டால் சின்னப்பிள்ளை. வீட்டிலை முதல் பட்டதாரியெண்டு மூண்டு தட்டுக் கேக் வெட்டினியள். அதுக்குப் பிறகு ஒரு போல்ட்டைப் பற்றிக்கூட ஒருத்தரும் கேக்கேல்லை. ... ஆர்? அம்மாவோ? அம்மாவும் அங்கையோ நிக்கிறா? குடு, குடு."

கோபம் சட்டென்று தேன் பூசிக்கொண்டது. அம்மா செல்வமலர் அந்தப் பக்கம் எதற்காக வந்திருப்பாள் என்று மகளுக்குத் தெரியாதா என்ன.

"அம்மா... ஓம், சாப்பிட்டன். ... தேங்காய் கொண்டந்தனீங்களோ? தேசிக்காயும் சில்லுக்கடியிலை வச்சாச்சோ? நல்லது. பத்தே முக்கால் எண்டு நேரம் பாத்தது ஆர்? ... நீங்களோ? எந்தக் கலண்டரிலை? ... சாமி அறையிலை தொங்கிற யாழ்ப்பாணக் கலண்டரிலையோ. பத்தரையோடை ராகு முடியுதெண்டு போட்டிருக்கு, என்ன? அம்மா, யாழ்ப்பாணத்திலை சூரியன் ஆறு மணிக்கு எழும்புறார். இஞ்சை வடக்கிலை ஆனி மாசத்திலை நாலரைக்கு எழும்பி, இரவு பத்தேகால் மட்டும் படுக்கமாட்டன் எண்டு நிக்கிறார். பகலை எட்டாப் பிரிச்சு மூண்டாம் பங்குதானே சனிக்கிழமை ராகு? நீங்கள்தான் சொல்லித் தந்தது. பிரிச்சுப் பாத்தன். இண்டைக்கு ராகு முடியிறது பதினொண்டு பத்துக்கு."

அந்தப் பக்கம் இரும்பு வெட்டும் கிரைண்டரின் சத்தம் நின்றுபோனது.

"... ஓம் அம்மா. ராகுவுக்குள்ளைதான் நிக்கிறியள். ... ஓம், முப்பது வருசமாய்க் கோடையிலை செய்ததெல்லாம் இப்பிடித்தான். ... ஓம், அண்ணாவின்ரை கலியாணமும். ... அழாதேங்கோ, அண்ணி நல்லாத்தானே இருக்கிறா. ... அண்ணா, கத்தாதை! ... நானோ? நான் ராகுவை நம்பேல்லை. சூரியன் எழும்புற நேரத்தை நம்பிறன். ... சரி, வெட்டன். அம்மாவைத் தாண்டி வெட்டு, பாப்பம்."

மேசைக்கடியில் பழைய துவாயால் சுற்றிக் கிடந்த இரும்புச் சட்டத்தை இழுத்துக் கக்கத்தில் இடுக்கினாள். பாரத்தில் தோள் ஒரு பக்கம் சரிந்தது, குரல் சரியவில்லை.

"நான் வாறன். இருபது நிமிசம். ... ராகுவிலை நானும் தொடங்கக்கூடாதோ? சரியாச் சொன்னாய். தொடங்கத்தான் கூடாது. தொடங்கினதை முடிக்கலாம். நான் வியாழக்கிழமை பின்னேரமே தொடங்கிட்டன். ... கராஜிலைதான். சுஜிந்தன் அண்ணை திறப்புக் கொத்தைத் தந்திட்டுக் கோப்பி குடிக்கப் போனவர், அவருக்கு ஒண்டும் தெரியாது. ... இடப்பக்கம் பின் சில்லுக்குக் கிட்டக் குனிஞ்சு பார். ... தேசிக்காயை இல்லை, அதுக்கு மேலை. ... கண்டியோ? ... காலமை தொடக்கம் வண்டியைச் சுத்தி நிண்டு நியாயம் பிளந்தியள், ஒருத்தரும் குனியேல்லை. வலப்பக்கத்துச் சட்டம் என்ரை கையிலை வருது."

காலால் கதவைத் தள்ளித் திறந்து வெளியே வந்தாள்.

"... என்ன, ஸ்டியரிங்கோ? இல்லை அண்ணா, இனிக் கேக்கமாட்டன். கதவைத் திறந்து பார். சீற்றை என்ரை காலுக்கு அளவா முன்னுக்கு இழுத்து வச்சிட்டுத்தான் வந்தனான்."

அவன் வாய் திறப்பதற்குள் இணைப்பைத் துண்டித்தாள்.