எதிர் வீட்டு விளக்கும் என் வீட்டு மேட்டரும்

எதிர் வீட்டு ஜன்னல் கம்பியில் வாயை வைத்து, "லைட்டை அணை" என்று திருட்டுத்தனமாகச் சொன்ன ஆசாமி நான்தான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு, அதை அறிந்தும் என்னை மேடையேற்றிய காலடிப்பேட்டைக் குடியிருப்போர் சங்கத் தலைவர் சாலமன் அவர்களே, மணலிக் காற்றையே மூச்சாக்கி மூத்த பெரியோர்களே, சீரியலைத் தியாகம் செய்து வந்திருக்கும் தாய்மார்களே, தெருவின் முதல் ஸ்மார்ட் வீட்டுக்காரர் என்று இன்று பொன்னாடை பெறும் அந்த எதிர் வீட்டுக் கோதண்டம் அவர்களே, வணக்கம்.

அன்று, சொன்ன மாத்திரத்தில் விளக்கு தானாக அணைந்தது. உள்ளேயிருந்து கோதண்டம் கேட்டார்: "இன்னா நைனா, உன் வூட்டுல கரண்டு இல்லியா?"

திரும்பினால் என் மனைவி மங்கம்மா. "எதிர் வூட்டு லைட்டு கூட சொன்ன பேச்சு கேக்குது. நம்ம வூட்டுல நீ கூட கேக்க மாட்டேன்ற" என்றாள்.

சுட்டது, அவையோரே! மாட மாளிகையா கேட்டேன்? "நம்ம வூடுதான் மேலு" என்று அவள் வாயால் ஒரே ஒரு முறை கேட்டுவிடத் துடித்தேன்.

பாரிமுனையில் பல்பு, தண்டையார்பேட்டையில் ஃபேன், திருவொற்றியூரில் ஏ.சி. வாங்கினேன். பல்பு பேசுவது ஜிக்பீ என்றொரு பாஷை. ஃபேன் பேசுவது ப்ளூடூத். ஏ.சி. பேசுவது வைஃபை. ஒரே கூரை, ஒரே கரண்டு. ஆனால், முறுக்கிக்கொண்ட சம்பந்திகளைப் போல ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை கிடையாது. அங்கே சிரிப்பது அசோகனா? உன் சம்பந்தி சண்டையையும் அவிழ்க்கட்டுமா, தம்பி?

பல்பு விற்ற ரஷீது பாயிடம் ஓடினேன். "உன் பல்புல மேட்டரு இல்ல மாமு" என்றார்.

"மேட்டரு இல்லாத பல்பை ஏன் பாய் வித்த? இன்னா மேட்டரு?"

"அதான் மேட்டரு."

"எது மேட்டரு?"

"மேட்டருதான் மேட்டரு. கத்தாத மாமு, கடையில பொம்பளைங்க கீறாங்க."

பிறகுதான் விளக்கினார். ஒன்றையொன்று கண்டால் ஆகாத கம்பெனிகள் ஒன்றாக உட்கார்ந்து, தம் கருவிகளுக்கெல்லாம் ஒப்புக்கொண்ட பொதுப் பாஷையின் பெயரே மேட்டராம். அது தெரிந்த சாமான்களாக மாற்றி வாங்கி வந்தேன். ஒரு சொல் சொன்னேன். மூன்றும் ஒன்றாக விழித்தன. மங்கம்மாவைப் பார்த்தேன்.

"எதிர் வூட்டுல ஜன்னல் ஸ்கிரீனு கூட தானா நகருதே" என்றாள்.

அப்போது அறிந்தேன்! வயரே இல்லாமல் வீடு விட்டு வீடு பாய்வது வைஃபையா? இல்லை, வயிற்றெரிச்சல்! பாஸ்வேர்டு கேட்காமல் பற்றிக்கொள்வது ப்ளூடூத்தா? இல்லை, பொறாமை! போட்டிக் கம்பெனிகளே பொதுப் பாஷைக்கு இறங்கி வந்தபோது, பொடி மனிதன் நான் இறங்கி வரக் கூடாதா? வருகிறேன். இந்த மேடையில், இந்த மாலையில், உங்கள் முன்னிலையில் என் பொறாமையைக் கழற்றி வைக்கிறேன். கோதண்டம் வாழ்க! அவர் விளக்கு எரிக! அவர் ஸ்கிரீன் நகர்க!

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், பொறுக்க முடியாமல் கேட்ட மங்கம்மாவுக்கும் நன்றி கூறி, கை கூப்பி அமர்கிறேன், வணக்கம்.

அடுத்து ஏற்புரை வழங்கக் கோதண்டம் வருகிறார். இந்த மைக்கில் சார்ஜ் ஒரு கோடுதான் மிச்சம். மாற்றுப் பேட்டரி என் சட்டைப் பையில் இருக்கிறது; அங்கேயே இருக்கும்.