முடிவதைச் சொல்லும் முறை

மத்தியானம் சாப்பிட்டால் எனக்குத் தூக்கம் வந்துவிடும், சார். அதனால் இப்போதே சொல்லி முடித்துவிடுகிறேன். மயிலாத்தாள் என்கிற அம்மாள் அன்றைக்கு எங்கள் ஆபீசுக்குப் போன் செய்தாரா என்பதுதான் உங்கள் கேள்வி. கிணற்றில் விழுந்து செத்துப்போன அந்த வயதான அம்மாளைப் பற்றிய விசாரணைக்கு அந்த ஒரு பதில் போதும், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகலாம் என்று உங்கள் ஏட்டு சொன்னார். போயிருக்கலாம்தான். ஆனால் அந்தக் கேள்விக்கு ஆமாம் என்று சொன்னால், அடுத்து, அவர் என்ன பேசினார் என்று நீங்கள் கேட்பீர்கள். அதை யோசித்துக்கொண்டே இத்தனை நாள் படுத்திருந்து களைத்துப்போய்விட்டேன்.

நான் பனியன் கம்பெனிகளில் மெர்ச்சன்டைசராக இருந்தவன். சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையருக்கும் இங்கே தைக்கிறவர்களுக்கும் நடுவில் உட்கார்ந்து மெயில் எழுதுகிற வேலை. துணி சாயப்பட்டறையிலேயே கிடக்கும். தையலுக்கு வந்துவிட்டது என்று எழுதுவேன். சரக்கு செக்கிங் டேபிளில் குவிந்திருக்கும். வண்டி தூத்துக்குடிக்குக் கிளம்பிவிட்டது என்று எழுதுவேன். இதைத் திருப்பூரில் யாரும் பொய்க்கணக்கில் சேர்ப்பதில்லை. கேட்டவன் நிம்மதியாகத் தூங்குவான், நமக்கு வேலையை முடிக்க அவகாசம் கிடைக்கும், சரக்கும் எப்படியோ போய்ச் சேர்ந்துவிடும். எனக்குத் தெரிந்து ஒருமுறைகூடச் சேராமல் போனதில்லை.

இரண்டாயிரத்து எட்டில் அமெரிக்கக்காரன் ஆர்டரைக் குறைத்தபோது என் வேலை போனது. அப்போது சிவராஜ் என்கிற முதலாளி கூப்பிட்டார். அவருக்கும் பனியன் கம்பெனிதான். கீழே பாதி மெஷின்கள் உறை போட்டுக் கிடந்தன. மேல்மாடியில் கம்ப்யூட்டர்களை வாங்கிப்போட்டு, ஒரு வெளிநாட்டு இணையக் கடைக்கு மெயில் எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தத்தைப் பிடித்திருந்தார். கம்ப்யூட்டரில் ஆடுகிற விளையாட்டுகளை இணையத்திலேயே விற்கிற கடை அது. பணம் கட்டினால் அப்படியே இறக்கிக்கொள்ளலாம். வாங்குகிறவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு அந்தக் கடையின் பெயரில் பதில் எழுதுவது எங்கள் வேலை. அந்த விளையாட்டுகளில் ஒன்றைக்கூட எங்களில் யாரும் ஆடிப் பார்த்ததில்லை. என்னை அங்கே மேற்பார்வைக்கு வைத்தார்.

கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை அந்தக் கடையில் பாதி விலை, கால் விலை என்று தள்ளுபடி. அது எப்போது முடிகிறது என்று அறிவிக்கும் வாசகங்களையும் எங்களையே எழுதச் சொன்னார்கள். தள்ளுபடி ஆரம்பிப்பதை யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். முடிவதைச் சொல்வதில்தான் வியாபாரம் இருக்கிறது. இன்னும் சில நாட்கள்தான் என்று மெதுவாக ஆரம்பிக்க வேண்டும். பிறகு கடைசி நாள் என்று கொஞ்சம் அழுத்தி. முடிந்த பிறகு, வருத்தம் வேண்டாம், அடுத்த பண்டிகை வருகிறது என்று தடவிக்கொடுக்க வேண்டும். தேதியைப் போடுவோம். மணியைப் போடமாட்டோம். அந்தக் கடை இருக்கிற ஊரில் நள்ளிரவு என்றால் நமக்குக் காலை பத்தரை. அதே நாட்டின் மேற்குக் கரையில் இருக்கிறவனுக்கு ராத்திரி இன்னும் பாக்கி இருக்கும். அவன் தன் வீட்டுக் கடிகாரத்தைப் பார்த்து நேரம் இருக்கிறது என்று உட்கார்ந்திருப்பான். கடைசியில் பார்த்தால் முழு விலை காட்டும். உடனே திட்டி எழுதுவான்.

அந்தத் திட்டுகளுக்குப் பதில் எழுதுவதில் அன்புசெல்வியை மிஞ்ச ஆள் இல்லை. தாராபுரம் போகிற வழியில் குண்டடம் பக்கத்துப் பெண், பி.ஏ. ஆங்கிலம் படித்தவள். புருஷன் லாரியில் நூல் ஏற்றிக்கொண்டு வடக்கே போனால் வருவதற்கு நாளாகும். நான்கு வயதுக் குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு, இங்கே தோழிகளோடு அறை எடுத்துத் தங்கி வேலைக்கு வந்துகொண்டிருந்தாள். கெட்ட வார்த்தையில் எழுதியவன்கூட அவள் பதிலைப் படித்துவிட்டு நன்றி என்று எழுதுவான். ஒருநாள் என்னிடம் வந்து, “மணியையும் சேத்திப் போட்டுட்டா இத்தன பேரு வையமாட்டாங்கல்லங்க, சார்?” என்று கேட்டாள். மணியைப் போட்டால் அவசரம் போய்விடும் என்று சொன்னேன். அவளுக்கு அது விளங்கவில்லை. பாவம், வியாபாரம் தெரியாதவள்.

அன்றைக்குப் புத்தாண்டுக்கு மறுநாள். காலையிலேயே சிவராஜ் மேலே வந்து, இந்தக் கடைசி நாளைப் பிரச்சினை இல்லாமல் கடத்திக் கொடுத்தால் ஒப்பந்தம் நீளும் என்று சொல்லிவிட்டுப் போனார். தள்ளுபடி முடிகிற பத்தரைக்குக் கொஞ்சம் முன்னால் என் மேஜைப் போன் அடித்தது. ஊழியர்களின் செல்போன்களை வாங்கி என் டிராயரில் வைத்திருப்பது கம்பெனி வழக்கம், அதனால் வீட்டிலிருந்து கூப்பிடுகிறவர்கள் என் போனுக்குத்தான் வருவார்கள். அன்புசெல்வியின் மாமியார் மயிலாத்தாள் பேசினார். தாராபுரத்தில் ஆஸ்பத்திரியில் இருந்து பேசுவதாகச் சொன்னார். ராத்திரி முழுவதும் குழந்தைக்குக் காய்ச்சல், விடிந்ததும் வலிப்பு வந்துவிட்டது, அன்புசெல்வியைக் கூப்பிடுங்கள் என்றார். குரல் நடுங்கினாலும் விவரமாகத்தான் பேசினார். மீட்டிங்கில் இருக்கிறாள், சொல்லிவிடுகிறேன் என்றேன். வைத்துவிட்டார்.

நான் எழுந்து அவள் மேஜை வரைக்கும் போனேன், சார். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். அவள் திரையில் மெயில்கள் வந்து விழுந்துகொண்டே இருந்தன. தலையைத் தூக்காமல் தட்டிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் பின்னால் நின்றுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். குழந்தைகளுக்குக் காய்ச்சல் வருவது உலகத்தில் இல்லாததா என்று தோன்றியது.

மறுபடியும் போன் வந்தது. இந்த முறை அந்த அம்மாள் அவசரப்பட்டார்.

“சாமி, டாக்டரு உடனே கோயமுத்தூருக்குக் கொண்டுட்டுப் போகச் சொல்றாருங்க. வண்டி வாசல்லயே நிக்குது. அவ கெளம்பீட்டாளுங்களா? நாங்க முன்னால போயரட்டுங்களா, இல்லே அவ வர்ற வரைக்கும் இருக்கட்டுங்களா? எனக்கு அந்தூரு ஒண்ணும் தெரியாதுங்க.”

அவர் என்னைத்தான் கேட்டார். பக்கத்தில் டாக்டர் இருந்திருப்பார், நர்ஸ் இருந்திருப்பார். ஆனாலும் என்னைக் கேட்டார், ஏனென்றால் நான் அவர் மருமகள் வேலை செய்கிற இடத்தின் பெரிய மனிதன். போங்கள் என்று சொல்லியிருந்தால் போயிருப்பார். அப்படிப் போனால் கோயமுத்தூரிலிருந்து திரும்பத் திரும்பக் கூப்பிடுவார், எந்த ஆஸ்பத்திரி, எந்த வாசல் என்று கேட்டுக்கொண்டே இருப்பார், அன்புசெல்வியை வேலையிலிருந்து எழுப்பித்தான் தீர வேண்டியிருக்கும். இதெல்லாம் ஒரு நொடியில் என் மனதில் ஓடியது.

“அப்பவே பஸ் ஏறிட்டாங்க. வந்துட்டே இருக்கறாங்க. அங்கயே இருங்கம்மா,” என்றேன்.

“சரிங்க சாமி. மவராசனா இருங்க,” என்று சொல்லி வைத்தார். அதற்குப் பிறகு போன் வரவில்லை. நான் நினைத்தபடியே.

பன்னிரண்டு மணி வாக்கில் கடையிலிருந்து தகவல் வந்தது. புகார்கள் குவிந்துவிட்டதால் தள்ளுபடியை இன்னும் ஒரு நாள் நீட்டிக்கிறோம் என்று. அறையில் எல்லாரும் கை தட்டினார்கள். அந்த நிமிஷத்தில் அவசர வேலை ஒன்றுமில்லாமல் போய்விட்டது. அன்புசெல்வியை அனுப்பியிருக்கலாம். நீங்கள் கேட்கும் முன்னால் நானே சொல்கிறேன், அனுப்பியிருக்கலாம். ஆனால் அப்போது சொன்னால், போன் எப்போது வந்தது என்று அவள் கேட்பாளா மாட்டாளா? காலையிலேயே ஏன் சொல்லவில்லை என்று எல்லார் முன்னாலும் கேட்பாளா மாட்டாளா? அதற்குப் பதில் யோசிக்க எனக்குக் கொஞ்சம் நேரம் தேவைப்பட்டது. அதுவரை சும்மா இருக்க வேண்டாமே என்று, நீட்டிப்பு அறிவிப்பை அவளையே எழுதச் சொன்னேன். நல்ல சேதி எழுதுவதில் அவளுக்கு ரொம்பச் சந்தோஷம். சிரித்துக்கொண்டே எழுதினாள்.

எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு அவளைத் தனியாகக் கூப்பிட்டேன். ஊரிலிருந்து இப்போதுதான் போன் வந்தது, பாப்பாவுக்கு லேசாகக் காய்ச்சலாம், தாராபுரத்தில் காட்டியிருக்கிறார்களாம், பயப்பட ஒன்றுமில்லை, சாவகாசமாகப் போய்விட்டு வா அம்மிணி என்றேன். ஒரேயடியாகச் சொல்லிப் பதறடிக்கக் கூடாது என்பதுதான் என் எண்ணம். அவளும் பதறவில்லை. மீதி இருந்த பதில்களை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினாள். செல்போனை வாங்கிக்கொள்ளக்கூட மறந்துவிட்டாள்.

அவள் தாராபுரம் போய்ச் சேர்வதற்குள் குழந்தை போய்விட்டது. வண்டி வாசலில் நின்றுகொண்டே இருந்திருக்கிறது. மயிலாத்தாள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் வருகிற பக்கமே பார்த்து நின்றாராம். டாக்டர் சத்தம் போட்டும் கேட்கவில்லையாம். மருமகள் வந்துகொண்டிருக்கிறாள், இதோ வந்துவிடுவாள் என்று எல்லாரிடமும் சொன்னாராம்.

காரியமெல்லாம் முடிந்து அன்புசெல்வி செல்போனை வாங்கிக்கொள்ள வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. “நான் பஸ் ஏறிட்டேன்னு அத்தைகிட்டச் சொன்னது நீங்களுங்களா, சார்?” என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

லைன் சரியாக இல்லை, அனுப்பி வைக்கிறேன் என்றுதான் சொன்னேன், அவர் வேறு மாதிரிக் கேட்டுக்கொண்டிருப்பார் என்றேன். மத்தியானம் ஒரே ஒரு போன்தான் வந்தது என்றும் சொன்னேன். வயதானவர்களுக்கு இப்படி ஆவது சகஜம் என்று நான் சொல்லவில்லை, அதை அவளே சொல்லிக்கொண்டாள். தலையை ஆட்டிக்கொண்டு படியிறங்கிப் போனாள். அன்றைக்கு அவள் முகத்தில் ஒரு தெளிவு இருந்ததைப் பார்த்தேன். யாரைக் குற்றம் சொல்வது என்று தெரிந்துவிட்டால் மனிதருக்கு ஒரு ஆறுதல்தானே.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் மயிலாத்தாளோடு யாரும் பேசவில்லை என்று கேள்விப்பட்டேன். வடக்கிலிருந்து திரும்பிய மகனும், காது கேட்காத கிழவி என் பிள்ளையைக் கொன்றுவிட்டாள் என்று ஊர் கேட்கச் சொன்னானாம்.

போன மாதம் அந்த அம்மாள் தனியாகப் பஸ் ஏறி எங்கள் ஆபீசுக்கு வந்தார். யார் யாரிடமோ வழி கேட்டு வந்திருக்கிறார். மாடிப்படி ஏறி மூச்சு வாங்க என் எதிரில் நின்றார். சண்டைக்கு வரவில்லை.

“நீங்க ஒருக்காப் பேசுங்க சாமி. அன்னிக்குச் சொன்னதயே சொல்லுங்க. எங்காது செரியாக் கேக்குதான்னு நானு தெரிஞ்சுக்கறேன்.”

நான் பேசவில்லை. என் குரலைக் கேட்டால் அவருக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிடும். தொண்டையைத் தொட்டுக் காட்டி, குரல் வரவில்லை என்று கையை ஆட்டினேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, “தொண்ட கட்டிக்கிச்சுங்களா? பனிக்காலமுங்க. சுக்குத் தண்ணி வெச்சுக் குடிங்க சாமி,” என்று சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார். அந்த வாரமே கிணற்றில் மிதந்தார் என்று நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஆக, உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். போன் வந்தது, இரண்டு முறை வந்தது. அவர் காதில் எந்தக் கோளாறும் இல்லை. நான் சொன்னதைச் சொன்னபடியே கேட்டு, சொன்னபடியே நின்றார். நின்றால் குழந்தைக்கு ஆகாது என்பதை அவர் வாயிலிருந்தே கேட்டுவிட்டுத்தான் நிற்கச் சொன்னேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், சார். அன்புசெல்விக்கு இதை நீங்கள் ஆள் அனுப்பி மொட்டையாகச் சொல்லிவிட வேண்டாம். அவள் இப்போது இருக்கிற நிலையில் தாங்கமாட்டாள். கொஞ்ச நாள் போகட்டும், நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன்.