மெஷின் மிதித்த உளுந்து

குத்தாலத்தில் பஸ் ஏறி எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்த பெண், டிக்கெட்டை மடித்துக்கொண்டே கணவரிடம் சொன்னார்: "அந்த அறுப்பு மெஷின் நம்ம வயலை இன்னும் கொஞ்சம் மிதிச்சிருக்கலாம்."

நான் போனைப் பையில் போட்டேன்.

"மிதிச்சது பத்தாதா உனக்கு?"

"டயர் போன தடத்துலதாங்க உளுந்து காய்ச்சிருக்கு. தப்பிச்சு அங்கொண்ணு இங்கொண்ணு நிக்கிற செடியில கொத்துக் கொத்தா காய். மத்த எடமெல்லாம் பாய் விரிச்ச மாதிரி செடி இருக்கு, காயத்தான் காணும்."

"மெஷின் ஏறினா பாதி வெதை நசுங்கிடும்னுதான் கூடத் தெளிச்சேன்."

"அறுப்புக்கு முன்னாடி நிக்கிற நெல்லுக்குள்ளயே ஒரு தடவ உளுந்து தெளிச்சீங்க, சரி. அன்னிக்குச் சாயந்திரமே மறுபடியும் வெதைய அள்ளிட்டு எறங்கினீங்களே, அப்பவே சொன்னேன்."

"ஒரு மழையாவது வரும்னு நெனைச்சேன்."

"வரலியே. மண்ணுல கெடந்ததே கொஞ்சூண்டு ஈரம். அத்தனை செடியும் அதையே குடிச்சா காய்க்கிறதுக்கு என்ன மிஞ்சும்?"



"நெல்லு பாதி மழைத் தண்ணியில போச்சு. உளுந்து தண்ணியில்லாம போவுது" என்றார் கணவர். "இந்த வருஷத்துக்கு வேற என்ன இருக்கு நமக்கு?"

"அடுத்த வருஷம் பாதி வெதை போதும்."

"அடுத்த வருஷம் மழை பேஞ்சு, நெருக்கித் தெளிச்சவனெல்லாம் மூட்டை மூட்டையா அள்ளினா? ஏன் கம்மியா தெளிச்சீங்கன்னு இதே பஸ்ல வச்சு என்னைத் திட்டுவ."

"திட்டுவேன்தான்" என்று சொல்லிவிட்டு, அந்த அம்மா ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்.