கிர்ஸ்டன் உயர்த்திய கை

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் முதுபெரும் ரசிகர்களே! ஆட்டந்தோறும் ஆப்பிள் பை சுட்டு எங்கள் இடுப்பளவைக் கூட்டிய தாய்மார்களே! அயோவாப் பனியை அலட்சியம் செய்து வந்த அன்பு நெஞ்சங்களே! துணைப் பயிற்சியாளர் டெப் சோரமின் வணக்கம்.

கூடைப்பந்துக் கோப்பையை வென்றது யார்? கூடை போட்டவர்களா? கூவிக் கூவித் தொண்டை கட்டிய நானா? சிரிக்காதீர்கள், குரல் இன்னும் திரும்பவில்லை. வென்றது மாற்று ஆட்டக்காரிகள் உட்காரும் நம் பெஞ்ச்!

இறுதி ஆட்டத்தில் எதிரணி ஐவரை இறக்கியது. அவர்கள் களைக்குமுன் வேறு ஐவரை இறக்கியது. நாமோ அதே ஐவர். நம் நட்சத்திரம் கிர்ஸ்டன் வாஸ் உட்காரவே இல்லை. தோற்றால் தேசியப் போட்டி கிடையாது. கடைசி ஆண்டு மாணவியான அவளுக்கு அதுவே கடைசி ஆட்டமாகிவிடும்.

நம் அணியின் வழக்கம் நீங்கள் அறிந்ததுதான். களைத்தவள் முஷ்டியை உயர்த்தினால் உடனே மாற்று ஆட்டக்காரி இறங்குவாள். மாற்றை வெளியே அனுப்பிவிட்டு எப்போது மீண்டும் இறங்குவது என்பது களைத்தவளின் விருப்பம். பயிற்சியாளரும் தடுக்க முடியாது. நான்கு ஆண்டுகளில் கிர்ஸ்டன் ஒருமுறையும் உயர்த்தியதில்லை. அவ்வளவு வீம்பு! யாரிடமிருந்து வந்தது என்று அவள் அப்பாவைக் கேளுங்கள்.

ஐந்து நிமிடம் மீதி, நாம் பின்தங்கியிருந்தோம். அவள் எறிந்த பந்து வளையத்தைக்கூடத் தொடவில்லை. பெஞ்சிலிருந்து ஜானெல் பிரெக்கி குரல் கொடுத்தாள்: "கால் தள்ளாடுதுடி. வீம்பு பண்ணாம கையைத் தூக்கு."

தூக்கினாள், அன்பர்களே, தூக்கினாள்!

இறங்கிய ஜானெல் யார்? பயிற்சியில் தினமும் கிர்ஸ்டனை மறித்து மறித்துப் பழகியவள். எதிரணியின் சிறந்த ஆட்டக்காரியை ஒட்டிக்கொண்டே நின்றாள். ஒரு கூடையும் போடவில்லை. ஒரு கூடையும் போட விடவில்லை. மற்ற நால்வரும் நம்மை இரண்டு புள்ளி முன்னே கொண்டுவந்தார்கள்.

ஒரு நிமிடம் மீதி. டைம் அவுட். தலைமைப் பயிற்சியாளர் கெர்டா கேட்டார்: "மூச்சு வந்துடுச்சா கிர்ஸ்டன்? இறங்கறியா?"

"மூச்செல்லாம் வந்துடுச்சு கோச். ஆனா இவளை வெளியே எடுக்காதீங்க. அந்தப் பொண்ணு என்னைத் தாண்டிப் போயிடுவா. இவளைத் தாண்ட முடியாது."

உரிமை இருந்தது, உடம்பில் தெம்பும் இருந்தது. இருந்தும், தன் கடைசி ஆட்டமாகிவிடக்கூடிய அந்த ஒரு நிமிடத்தைத் தோழிக்குக் கொடுத்துவிட்டுப் பெஞ்சில் அமர்ந்தாள். அவர்கள் கடைசிப் பந்தை எறியவே ஜானெல் இடம் தரவில்லை. மணி ஒலித்தது. நாம் வென்றோம்!

அன்று நம் அணியின் மிகச்சிறந்த ஆட்டத்தை, பெஞ்சில் உட்கார்ந்தபடி, கிர்ஸ்டன் வாஸ் ஆடினாள். அவளை வளர்த்தவர்களுக்கும், பொறுமையோடு கேட்ட உங்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி, வணக்கம்!